சுமை சொல்லும் நேரம்

நூற்பாலைக்குள் போகிறவர் பார்ப்பது ரிங் ஃபிரேம் வரிசைகளைத்தான். அந்த வரிசைகளில் நூல் அறாமல் ஓடுவதற்குக் காரணமான இயந்திரமோ சுவருக்கு அப்பால் தனி அறையில் சுழன்றுகொண்டிருக்கும். காற்று வறண்டால் பஞ்சு இழை முறுகி அறும். அதனால் ஈரமேற்றிய காற்றை ஆலைக்குள் இடைவிடாமல் அனுப்ப வேண்டும். அதை அனுப்புவது ஒரு பெரிய விசிறி. கோயம்புத்தூர், திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட விசிறிகள் பலவற்றின் மோட்டாருக்கு இன்று விஎஃப்டி என்னும் மாறுவேக டிரைவ் பொருத்தியிருக்கிறார்கள். காரணம் மின்கட்டணம். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது கேட்கும் திறன் எட்டில் ஒன்றாகக் குறைகிறது.

டிரைவின் சிறு திரையில் நூற்றுக்கணக்கான பாராமீட்டர்கள் உண்டு. மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பார்த்து நிரப்பும் எண்களைத் தவிர, எல்லா டிரைவிலும் கைவைக்க வேண்டிய இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று ஆக்சிலரேஷன் டைம், அதாவது வேகமேற்றும் நேரம். மற்றது டீசலரேஷன் டைம், வேகமிறக்கும் நேரம். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 5 விநாடி, 10 விநாடி என்று ஏதோ ஓர் எண் அவற்றில் இருக்கும். மோட்டார் சுற்றுகிறது என்றால் அந்த எண்ணை யாரும் தொடுவதில்லை. டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்று ட்ரிப் ஆகத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பக்கம் பார்வை போகிறது.

ஆனால் அந்த எண்ணை டிரைவ் செய்த நிறுவனம் தீர்மானிக்க முடியாது. டிரைவ் எந்த இயந்திரத்தைச் சுற்றப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. சரியான நேரம் என்ன என்று சொல்லக்கூடியது சுமை மட்டுமே. விசிறி ஒரு நேரம் சொல்லும், ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் வேறு நேரம் சொல்லும், கிரேன் இன்னொன்று சொல்லும். சுமை சொல்வதைக் கேட்கத் தேவையான இயற்பியல் பள்ளிப் பாடத்தைத் தாண்டியதல்ல.

அந்த எண் எதை அளக்கிறது?

மின்தூண்டல் மோட்டாரின் வேகம் அதற்கு ஊட்டும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றுகிறது. நான்கு துருவ மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் அதன் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1,500 முறை சுழலும். உள்ளே சுழலும் பகுதியான ரோட்டார் அதைத் துரத்திக்கொண்டு 1,470 சுற்று அளவில் ஓடும். இந்த 30 சுற்று இடைவெளிக்கு நழுவல் என்று பெயர். நழுவல் இல்லையென்றால் ரோட்டாரில் மின்னோட்டம் இல்லை, மின்னோட்டம் இல்லையென்றால் முறுக்கு விசையும் இல்லை.

டிரைவ் இந்த அதிர்வெண்ணைத் தானே உண்டாக்குகிறது. உள்ளே வரும் 415 வோல்ட் மாறுமின்சாரத்தை முதலில் டையோடுகள் நேர்மின்சாரமாக்குகின்றன. அது சுமார் 587 வோல்ட்டில் மின்தேக்கிகளில் நிற்கிறது. இந்த இடைப்பகுதியை டிசி பஸ் என்பார்கள். அங்கிருந்து ஐஜிபிடி என்னும் அதிவேக மின்சுவிட்சுகள் அதை வெட்டி வெட்டி, வேண்டிய அதிர்வெண்ணில் மோட்டாருக்கு அனுப்புகின்றன.

வேகமேற்றும் நேரம் 10 விநாடி என்று வைத்தால், டிரைவ் அதிர்வெண்ணைச் சுழியத்திலிருந்து 50 ஹெர்ட்ஸ் வரை 10 விநாடியில் ஏற்றும். அதாவது விநாடிக்கு 5 ஹெர்ட்ஸ். நாம் குறிப்பது உண்மையில் ஒரு சரிவைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் விசிறியை 30 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 10 விநாடி ஆகாது, 2 விநாடியில் முடிந்துவிடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில டிரைவ்கள் இந்த நேரத்தை 50 ஹெர்ட்ஸுக்கு அளப்பதில்லை, பாராமீட்டரில் கொடுத்த உச்ச அதிர்வெண்ணுக்கு அளக்கின்றன. உச்சம் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால், 30 விநாடி என்று எழுதிய எண் 50 ஹெர்ட்ஸை 25 விநாடியிலேயே எட்டிவிடும். ஒரு டிரைவைக் கழற்றி வேறு கம்பெனி டிரைவை மாட்டும்போது, பழைய எண்ணை அப்படியே எழுதியும் இயந்திரம் வேறுவிதமாக நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

சுழலும் இரும்புக்குள் எவ்வளவு இருக்கிறது?

நம் விசிறிக்கு எண்களைக் கொடுத்துப் பார்ப்போம். மோட்டார் 30 கிலோவாட், 1,470 ஆர்பிஎம். பெல்ட் வழியாக விசிறி அதில் பாதி வேகத்தில், 735 ஆர்பிஎம்மில் சுழல்கிறது. விசிறிச் சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் 60 கிலோகிராம்-சதுரமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் சுழற்சி மாற்றத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு இது. எடை மட்டுமல்ல, அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் இதில் சேரும்.

மோட்டார் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த 60 அப்படியே தெரியாது. வேகம் பாதியாவதால் நிலைமம் கால் பங்காகத் தெரியும். வேக விகிதத்தின் இருமடி இது. ஆக மோட்டார் தண்டு உணர்வது 15. இதனால்தான் புல்லி மாற்றினால் டிரைவின் நேரக் கணக்கும் மாறுகிறது. விசிறி வேகத்தைச் சற்றுக் கூட்டுவதற்காக விசிறித் தண்டில் சிறிய புல்லியை மாட்டியவர் டிரைவ் பாராமீட்டரையும் திறந்து பார்க்க வேண்டும்.

மோட்டார் முழு வேகத்தில் விநாடிக்கு 154 ரேடியன் சுழல்கிறது. நிலைமத்தின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். கணக்கிட்டால் சுமார் 1,78,000 ஜூல். ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் இது.

விசிறியைக் கிளப்பும்போது இந்த 1,78,000 ஜூலை உள்ளே ஊற்ற வேண்டும். நிறுத்தும்போது அத்தனையையும் வெளியே எடுக்க வேண்டும். வேகமேற்றும் நேரமும் வேகமிறக்கும் நேரமும் சொல்வது, இந்த ஆற்றல் எவ்வளவு விரைவாக உள்ளே போகலாம், எவ்வளவு விரைவாக வெளியே வரலாம் என்பதைத்தான். அவசரப்பட்டால் ஆற்றல் போகும் வழியில் எங்கோ ஓரிடம் நெருக்கடிக்கு உள்ளாகும். ஏறும்போது நெருக்கடி மின்னோட்டத்தில் தெரியும், இறங்கும்போது மின்னழுத்தத்தில் தெரியும்.

ஏறும்போது

30 கிலோவாட்டை 154 ரேடியனால் வகுத்தால் மோட்டாரின் முழுச்சுமை முறுக்கு விசை 195 நியூட்டன்-மீட்டர். விசிறிக்கென்று விற்கப்படும் டிரைவ்கள் பொதுவாக 110 விழுக்காடு மின்னோட்டத்தைத்தான் ஒரு நிமிடம் தாங்கும். ஆக நம் கையில் இருப்பது சுமார் 214 நியூட்டன்-மீட்டர்.

இதில் ஒரு பகுதி காற்றைத் தள்ளுவதில் செலவாகிவிடும். முழு வேகத்தில் காற்று கேட்பது 175 நியூட்டன்-மீட்டர் என்று கொள்வோம். விசிறியில் இது வேகத்தின் இருமடியாக ஏறும். பாதி வேகத்தில் கால் பங்குதான் கேட்கும். காற்று கேட்டது போக மீதி இருப்பதுதான் வேகத்தை ஏற்றப் பயன்படும்.

இருமடியாக ஏறும் ஒன்றின் சராசரி, உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சராசரியை எடுத்துக் கணக்குப் போட்டால் சுமார் 15 விநாடி வரும். பல கையேடுகளில் இருக்கும் எளிய சூத்திரம் இந்த வகைதான். ஆனால் கணக்கை நுணுகிச் செய்தால், அதாவது ஒவ்வொரு வேகத்திலும் மீதி எவ்வளவு என்று பார்த்துக் கூட்டினால், 18 விநாடி வருகிறது. கடைசிக் கட்டமே இதற்குக் காரணம். கீழ் வேகத்தில் விசிறி தாராளமாக ஏறுகிறது. 45 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் காற்று 140, 150 என்று கேட்க, மீதி சுருங்கிவிடுகிறது. சுழியத்திலிருந்து 40 ஹெர்ட்ஸ் வரை சாதுவாக ஏறிய விசிறி 47 ஹெர்ட்ஸில் ட்ரிப் ஆகிறது என்றால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மேல்முனையில் மிச்சம் இல்லை என்று சுமை சொல்கிறது.

இந்த விசிறிக்கு 5 விநாடி என்று விட்டுவைத்தால் என்ன ஆகும்? வேகத்தை ஏற்ற மட்டுமே 462 நியூட்டன்-மீட்டர் வேண்டும். மோட்டாரின் முழுச்சுமையைப் போல் 2.4 மடங்கு. காந்தப்புலம் முன்னே ஓடிவிட, ரோட்டார் பின்தங்க, நழுவல் கூடும். நழுவல் கூடக் கூட முறுக்கு விசையும் கூடும், ஆனால் ஓர் எல்லை வரைதான். அந்த எல்லையைத் தாண்டினால் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகும், முறுக்கு விசை குறையத் தொடங்கும். ஓவர்கரண்ட் என்று திரையில் எழுதி டிரைவ் நின்றுவிடும்.

இன்றைய டிரைவ்கள் பலவற்றில் அதற்கு முன்பே ஒரு காவல் இருக்கிறது. மின்னோட்டம் எல்லையைத் தொட்டதும் அதிர்வெண்ணை அதற்கு மேல் ஏற்றாமல் நிறுத்திவைக்கும். மின்னோட்டம் தணிந்த பிறகு மறுபடி ஏற்றும். இதனால் டிரைவ் ட்ரிப் ஆகாது, ஆனால் 5 விநாடி என்று எழுதிய இடத்தில் விசிறி 20 விநாடி எடுத்துக்கொள்ளும். பாராமீட்டரில் இருக்கும் எண்ணும் நடப்பதும் வேறு வேறு என்று அறியாமலே ஆலை ஓடிக்கொண்டிருக்கும். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தால் போதும், இது வெளிச்சமாகிவிடும்.

இவ்வளவு நிதானமாக ஏற்றுவதில் மோட்டாருக்குக் கிடைக்கும் நன்மை பெரிது. டிரைவ் இல்லாமல் நேரடியாக லைனில் போடும்போது மோட்டார் முழுச்சுமையைப் போல் 6, 7 மடங்கு மின்னோட்டம் இழுப்பது எல்லா எலக்ட்ரீஷியன்களுக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத ஒன்று ரோட்டாரில் விழும் வெப்பம். நேரடியாகக் கிளப்பினால், சுமைக்குள் எவ்வளவு இயக்க ஆற்றல் போகிறதோ குறைந்தது அவ்வளவு ஆற்றல் ரோட்டாரில் வெப்பமாக இறங்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது, மின்னோட்டம்தான் குறையும். நம் விசிறிக்கு அது ஒவ்வொரு முறையும் 1,78,000 ஜூலுக்கு மேல். டிரைவில் நழுவல் எப்போதும் சிறிதாகவே இருப்பதால் ரோட்டாரில் விழுவது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சரியாக வைத்த வேகமேற்றும் நேரம் மோட்டாரின் ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இறங்கும்போது

நிறுத்துவது கிளப்புவதைவிட எளிது என்று தோன்றும். டிரைவைப் பொறுத்தவரை நேர் எதிர். நிறுத்து என்றதும் டிரைவ் அதிர்வெண்ணைக் குறைக்கிறது. விசிறியோ தன் ஆற்றலோடு சுழன்றுகொண்டிருக்கிறது. காந்தப்புலத்தின் வேகம் ரோட்டாரின் வேகத்துக்குக் கீழே போன அந்தக் கணமே நழுவல் எதிர்த்திசைக்கு மாறுகிறது. மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. விசிறியின் இயக்க ஆற்றல் மின்சாரமாகி ஐஜிபிடிகளுக்கு இணையாக இருக்கும் டையோடுகள் வழியே டிசி பஸ்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து வெளியே போக வழியில்லை, மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் டையோடுகள் ஒருவழிப் பாதை. மின்தேக்கிகளில்தான் அது ஏற வேண்டும்.

மின்தேக்கிகள் எவ்வளவு தாங்கும்? டிரைவின் பஸ்ஸில் 2,000 மைக்ரோஃபாரட் இருக்கிறது என்று கொள்வோம். சாதாரண நிலை 587 வோல்ட். 800 வோல்ட் அளவில் டிரைவ் தன்னைக் காத்துக்கொள்ள ட்ரிப் ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் மின்தேக்கி கூடுதலாக ஏற்கக்கூடிய ஆற்றல் சுமார் 295 ஜூல். விசிறியிடம் இருப்பதோ 1,78,000 ஜூல். அறுநூறில் ஒரு பங்குக்குத்தான் இடம். ஓவர்வோல்டேஜ் ட்ரிப் ஏன் இவ்வளவு சட்டென்று வருகிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே பதில். ஒரு கிலோவாட் அளவுக்கு மிகை ஆற்றல் திரும்பி வந்தாலே விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் இடம் நிரம்பிவிடும்.

மோட்டாரும் டிரைவும் தம் இழப்புகளில் ஓரளவு ஆற்றலைக் கரைக்கின்றன. அதோடு விசிறிக்கு ஒரு துணை இருக்கிறது: காற்று. முழு வேகத்தில் காற்று 175 நியூட்டன்-மீட்டரோடு அதைத் தானே பிடித்து நிறுத்துகிறது. இதனால் ட்ரிப் வரும் இடம் பலரும் எதிர்பார்க்கும் இடமல்ல.

வேகமிறக்கும் நேரம் 30 விநாடி என்று வைப்போம். சரிவு சீராக இருக்க 77 நியூட்டன்-மீட்டர் தடை வேண்டும். 50 ஹெர்ட்ஸில் காற்று தருவது அதைவிட மிக அதிகம். ஆகவே தொடக்கத்தில் மோட்டார் விசிறியைப் பிடிக்க வேண்டியதில்லை, மின்சாரம் கொடுத்து ஓட்டிக்கொண்டுதான் இருக்கும். 33 ஹெர்ட்ஸுக்கு வரும்போது காற்றின் தடையும் 77-க்கு வந்துவிடுகிறது. அதற்குக் கீழே காற்று போதாது, மீதியை மோட்டார் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் ஆற்றல் திரும்பி வரத் தொடங்குகிறது. 19 ஹெர்ட்ஸ் அளவில் அது உச்சத்தை எட்டுகிறது, சுமார் 3 கிலோவாட். பஸ் வோல்டேஜைத் திரையில் வைத்துக்கொண்டு நிறுத்திப் பார்த்தால், 50-லிருந்து 33 வரை எண் அசையாமல் இருந்து அதற்குப் பிறகு ஏறுவதைக் கண்ணால் காணலாம். விசிறி மெதுவாகிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று நினைக்கும் நேரத்தில் ட்ரிப் வருகிறது.

காற்றுப் பாதையை அடைக்கும் டேம்பர் மூடியிருந்தால் நிலைமை இன்னும் மாறும். மையவிலக்கு விசிறியில் காற்றோட்டம் குறைந்தால் சுமையும் குறையும். கிளப்புவது எளிதாகும், நிறுத்துவது கடினமாகும். காற்றின் துணை பறிபோவதால் முன்னதாகவே, கூடுதல் வேகத்திலேயே ஆற்றல் திரும்பத் தொடங்கும்.

லைன் வோல்டேஜும் இதில் பங்கேற்கிறது. 415 வோல்ட் 440 ஆனால் பஸ் 622 வோல்ட்டில் நிற்கும். 295 ஜூலுக்கு இருந்த இடம் 253 ஜூலாகச் சுருங்கும். பகலில் ஒழுங்காக நிற்கும் விசிறி, சுற்றுவட்டாரச் சுமை குறைந்து வோல்டேஜ் ஏறும் இரவில் ட்ரிப் ஆகிறது என்று ஷிப்ட் ஃபிட்டர் சொன்னால் அதை நம்ப வேண்டும். அவர் சொல்வதில் இயற்பியல் இருக்கிறது.

ஆற்றலுக்கு வழி விடுவது

ஓவர்வோல்டேஜுக்கு முதல் மருந்து நேரத்தைக் கூட்டுவது. ஈரக்காற்று விசிறி 30 விநாடியில் நின்றாலென்ன, 90 விநாடியில் நின்றாலென்ன? அவசரம் இல்லாத இடத்தில் அவசரப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, டிரைவை விசிறியைப் பிடிக்கச் சொல்லாமல் விட்டுவிடுவது. நிறுத்து என்றதும் ஐஜிபிடிகள் அணைந்துவிடும், விசிறி தானாக ஓடி நிற்கும். இதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் குறைவதால் விசிறி நிற்க நேரமெடுக்கும். நம் விசிறி 13 விநாடியில் பாதி வேகத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து கால் வேகத்துக்கு வர 26 விநாடி, எட்டில் ஒரு பங்குக்கு வர மேலும் 53 விநாடி. பேரிங்கின் உராய்வு ஓரளவு உதவினாலும், பேனலில் விளக்கு அணைந்த பின்னும் உள்ளே இரும்பு சுழன்றுகொண்டுதான் இருக்கும். கதவைத் திறந்து கைவைக்கும் முன் நின்றுவிட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். சுழலும் விசிறியை மறுபடி கிளப்புவதாக இருந்தால், ஓடும் வேகத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடரும் ஃபிளையிங் ஸ்டார்ட் வசதியை இயக்கிவைக்க வேண்டும். இல்லையென்றால் டிரைவ் சுழியத்திலிருந்து தொடங்கும், சுழலும் விசிறி அந்தக் கணமே ஜெனரேட்டராகும்.

மூன்றாவது, பஸ் வோல்டேஜ் எல்லையை நெருங்கும்போது டிரைவே சரிவை நிறுத்திவைத்து நேரத்தை நீட்டிக்கொள்ளும் வசதி. ட்ரிப்பைத் தவிர்க்க இது நல்லது. ஆனால் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் நின்றே ஆக வேண்டிய இயந்திரத்தில் இதை நம்பக்கூடாது.

அப்படிப்பட்ட இயந்திரத்துக்குத்தான் நான்காவது வழியான பிரேக் ரெசிஸ்டர். பஸ் வோல்டேஜ் ஓரளவுக்கு மேல் ஏறியதும் ஒரு மின்சுவிட்ச் இயங்கி மிகை ஆற்றலை மின்தடையில் வெப்பமாக்கும். இதைப் போட்ட பிறகு மூன்றாவது வசதியை அணைத்துவிட வேண்டும். அணைக்காவிட்டால் டிரைவ் நேரத்தை நீட்டிக்கொண்டே போகும், ரெசிஸ்டருக்கு வேலையே வராது. மணிக்கு ஒருமுறை நிற்கும் விசிறிக்கு சராசரி வெப்பம் 50 வாட்டுக்குள் அடங்கும், ஆனால் அந்த ஒரு முறையில் விழும் மொத்த ஆற்றலையும் ரெசிஸ்டர் தாங்க வேண்டும். கிரேனிலும் லிஃப்டிலும் சுமையை இறக்கும் நேரமெல்லாம் புவியீர்ப்பு ஆற்றலைத் தந்துகொண்டே இருப்பதால் அங்கே கணக்கு வேறு. நாள் முழுக்க ஏறி இறங்கும் இயந்திரங்களில் இந்த ஆற்றலை எரிப்பதைவிட மின்கம்பிக்கே திருப்பி அனுப்புவது லாபம். சென்னை மெட்ரோ ரயில் நிலையத்துக்கு வரும்போது பிரேக்கில் செய்வது இதைத்தான்.

மெதுவாக என்றால் பாதுகாப்பு என்று பொருளா?

இதுவரை சொன்னதைக் கேட்டவர், எல்லா நேரத்தையும் பெரிதாக வைத்துவிட்டால் தொல்லையில்லை என்று முடிவு கட்டலாம். நீர்மூழ்கி மோட்டார் அதை மறுக்கிறது.

ஆழ்குழாய்க் கிணற்றில் இறங்கும் மோட்டாரின் அடியில் ஓர் உந்துத் தாங்கி இருக்கிறது. பம்பு தண்ணீரை மேலே தள்ளும்போது எதிர்விளைவாக வரும் அழுத்தம் முழுவதையும் அது தாங்குகிறது. அதன் இரண்டு பரப்புகளுக்கும் இடையில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அந்தப் படலம் வேகத்தால்தான் உண்டாகிறது. வேகம் போதாவிட்டால் படலம் இல்லை, பரப்புகள் ஒன்றோடொன்று தேயும். அதனால்தான் இந்த மோட்டாருக்கு 30 ஹெர்ட்ஸை ஒரு விநாடிக்குள் தாண்டச் சொல்வது தயாரிப்பாளர் கையேடுகளில் வழக்கம். நிறுத்தும்போதும் 30-க்குக் கீழே ஒரு விநாடிதான். விசிறிக்கு நல்லதென்று 30 விநாடி வைத்தவர் அதே எண்ணைக் கிணற்று மோட்டாருக்கும் வைத்தால், ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் தாங்கி 18 விநாடி காய்ந்து தேயும். ட்ரிப் எதுவும் வராது. திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். சில மாதங்களில் மோட்டாரை மேலே எடுக்க வேண்டிவரும்.

அதே பம்பில் 30 ஹெர்ட்ஸுக்கு மேலே நிலைமை தலைகீழ். அங்கே பேசுவது குழாயில் இருக்கும் தண்ணீர். மாஸ்கோ நகரத்தின் குடிநீர்க் குழாய்களில் சோதனை நடத்தி நிகோலாய் ஜுகோவ்ஸ்கி 1898-ல் வெளியிட்ட முடிவு இன்றும் நிற்கிறது: ஓடும் தண்ணீர் திடீரென நின்றால் எழும் அழுத்தம், நீரின் அடர்த்தி, குழாயில் அழுத்த அலை போகும் வேகம், நின்ற ஓட்டத்தின் வேகம் ஆகிய மூன்றின் பெருக்கல். இரும்புக் குழாயில் அலை விநாடிக்கு சுமார் 1,200 மீட்டர் போகும். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடும் நீரைச் சட்டென நிறுத்தினால் 18 பார் அழுத்தம் கூடுதலாக எழும். இதுதான் நீர்மோதல். 1,200 மீட்டர் நீளக் குழாயில் அலை போய்த் திரும்ப 2 விநாடி ஆகும். ஓட்டம் அந்த 2 விநாடிக்குள் நின்றால் முழு அழுத்தமும் எழும். அதைப்போல் பல மடங்கு நேரமெடுத்து நிறுத்தினால் அழுத்தம் தணியும்.

இங்கே ஒரு மறைகுழி இருக்கிறது. 30 விநாடி வேகமிறக்கும் நேரம் வைத்திருக்கிறோம், 2 விநாடியைப் போல் 15 மடங்கு, போதும் என்று தோன்றும். ஆனால் மேட்டில் இருக்கும் தொட்டிக்கு ஏற்றும் பம்பு, 50 ஹெர்ட்ஸில் தன்னால் முடிந்த உச்ச உயரத்தில் 60 விழுக்காட்டை, குழாய் உராய்வைச் சேர்க்காமல், தொட்டியின் உயரமாகவே எதிர்கொள்கிறது என்று கொள்வோம். பம்பு தரும் உயரம் வேகத்தின் இருமடியாகக் குறையும். 39 ஹெர்ட்ஸுக்கு வரும்போதே அது அந்த உயரத்தை எட்ட முடியாமல் போகும், ஓட்டம் நின்று தடுப்பு வால்வு மூடிக்கொள்ளும். 50-லிருந்து 39-க்கு வர ஆகும் நேரம் 7 விநாடிக்கும் குறைவு. தண்ணீரைப் பொறுத்தவரை நாம் கொடுத்தது 30 விநாடி அல்ல, 7 விநாடி. ஆகவே பம்புக்கு ஒரே சரிவு போதாது. கீழே செங்குத்து, மேலே நீண்ட சாய்வு என்று இரண்டு சரிவுகள் வேண்டும். பெரும்பாலான டிரைவ்களில் இரண்டாம் சரிவுக்கு இடம் இருக்கிறது, தேடி எடுத்து நிரப்ப வேண்டும். மின்வெட்டு வரும்போது இந்தச் சரிவு எதுவும் இயங்காது என்பதால், நீண்ட குழாய்களுக்குக் காற்றுக்கலம் போன்ற தனிக் காப்பும் தேவை.

கிரேன் இன்னொரு பாடம் சொல்கிறது. 9 மீட்டர் கயிற்றில் தொங்கும் சுமை ஓர் ஊசல். ஓர் அலைவுக்கு அது எடுக்கும் நேரம் 6 விநாடி. மேலே ஓடும் டிராலி சீராக 3 விநாடியில் வேகமெடுத்தால் சுமை மிக அதிகமாக ஆடும். சரியாக 6 விநாடி எடுத்துக்கொண்டால், முடுக்கம் முடியும் கணத்தில் சுமை ஓர் அலைவை முழுதாக முடித்து டிராலிக்கு நேர் கீழே வந்து நிற்கும், ஆட்டமே மிஞ்சாது. கயிற்றின் நீளம் மாறினால் நேரமும் மாறும் என்பதால் இது எல்லா வேளைக்கும் பொருந்தாது. ஆனால் பெரும்பாலும் ஒரே உயரத்தில் வேலை செய்யும் கிரேனில் இந்த ஓர் எண் ஆபரேட்டரின் வேலையைப் பாதியாக்கிவிடும்.

லிஃப்டில் நேரத்தைத் தீர்மானிப்பது மனித உடல். சீரான முடுக்கம் நம்மை உறுத்துவதில்லை, முடுக்கம் சட்டென்று மாறுவதுதான் உறுத்துகிறது. அதனால் சரிவின் இரு முனைகளையும் வளைத்து மென்மையாக்குகிறார்கள். எஸ்-வளைவு என்று பாராமீட்டர் பட்டியலில் இருப்பது அதுதான். பாட்டில்கள் நிற்கும் கன்வேயருக்கும் அது நல்லது.

களத்தில் எண்ணைக் கண்டுபிடிப்பது

விசிறியின் நிலைமம் பெயர்ப்பலகையில் இருக்காது. தயாரிப்பாளரிடம் கேட்டால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதற்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. டிரைவின் திரையே நமக்கு அளவுகருவி.

முதலில் இயந்திரத்துக்குக் குறைந்த வேகத்தில் ஆகாத பகுதி ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். நீர்மூழ்கி மோட்டார் என்றால் கையேட்டின் எண்ணிலிருந்து விலகக்கூடாது. விசிறி போன்ற சுமை என்றால் இரண்டு நேரத்தையும் 60 விநாடி, 90 விநாடி என்று தாராளமாக வைத்துத் தொடங்கலாம். திரையில் அவுட்புட் கரண்டை வைத்துக்கொண்டு கிளப்ப வேண்டும். கரண்ட் மோட்டாரின் முழுச்சுமை அளவுக்குள் நின்றால் நேரத்தைச் சற்றுக் குறைத்து மறுபடி. மேல்முனையில், 45 ஹெர்ட்ஸுக்கு மேல், கரண்ட் எங்கே போகிறது என்பதில் கண் இருக்க வேண்டும். எல்லையைத் தொட்டதும் அங்கிருந்து மூன்றில் ஒரு பங்கு நேரத்தைக் கூட்டி நிறுத்திக்கொள்ளலாம். முன்பு கண்ட 18 விநாடி, எல்லா வேகத்திலும் எல்லை வரை இழுத்தால் வருவது; நேரான சரிவில் 50 ஹெர்ட்ஸில் மீதியிருக்கும் 39 நியூட்டன்-மீட்டருக்குள் அடங்க நம் விசிறிக்கு 60 விநாடி வேண்டும், அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 80 விநாடி நல்ல எண்.

பிறகு திரையை டிசி பஸ் வோல்டேஜுக்கு மாற்ற வேண்டும். நிறுத்தும்போது எண் எந்த ஹெர்ட்ஸில் ஏறத் தொடங்குகிறது, எதுவரை போகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். லைன் வோல்டேஜ் அதிகமாக இருக்கும் நேரத்தில், டேம்பர் மூடிய நிலையில், ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது. மிகக் கடினமான சூழ்நிலையில் நிற்கும் எண்தான் எல்லா நாளும் நிற்கும். கூடவே, குறித்த நேரமும் கடிகாரம் காட்டும் நேரமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றில்லை என்றால் டிரைவ் எங்கோ தானாக நீட்டிக்கொள்கிறது என்று பொருள்.

கடைசியாக, கண்டுபிடித்த இரண்டு எண்களையும் பேனல் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டலாம். எண்களை மட்டும் எழுதினால் போதாது, காரணத்தையும் எழுத வேண்டும். "ஏற 80 விநாடி, 50 ஹெர்ட்ஸை நெருங்கும்போது கரண்ட் எல்லை. இறங்க 60 விநாடி, 23 ஹெர்ட்ஸுக்குக் கீழே பஸ் ஏறுகிறது. புல்லி மாற்றினால் மறுபடி பார்க்கவும்." இந்த மூன்று வரி இருந்தால், சில ஆண்டுகள் கழித்து அந்த டிரைவை மாற்ற வரும் எலக்ட்ரீஷியன் மறுபடி இருட்டில் தடவ வேண்டியதில்லை. இயந்திரம் தன் நேரத்தைச் சொல்லிவிட்டது. அதைக் கேட்டவர் எழுதிவைப்பதோடுதான் அந்த வேலை முடிகிறது.